நாலு பேர், ஒரு சீட்டு, நாலரைக் கோடி: கூட்டு லாட்டரிப் பரிசை ரிட்டர்னில் காட்டுவது எப்படி?

கேரள லாட்டரியில் கூட்டாகச் சீட்டு எடுப்பது புதிதல்ல. 2023 ஜூலையில் மழைக்கால பம்பரின் 10 கோடி ரூபாய் முதல் பரிசு, பரப்பனங்காடி நகராட்சியில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனாவில் வேலை பார்க்கும் 11 பெண்களுக்கு விழுந்தது. 250 ரூபாய்ச் சீட்டுக்கு ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட்டார்கள். மிச்சம் 25 ரூபாயை இரண்டு பேர் பன்னிரண்டரை பன்னிரண்டரையாகப் போட்டார்கள். அதே ஆண்டு ஓணம் பம்பரின் 25 கோடி, தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்களுக்குப் போனது.

இப்படி விழுந்த பரிசைப் பிரித்துக்கொள்வது எளிது. வருமான வரித் துறை அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொள்ளும்படி செய்வதுதான் கடினம். அதைக் காட்ட ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஆட்களும் தொகைகளும் கணக்குக்காக அமைத்தவை; சட்டமும் விகிதங்களும் 2024-25 நிதியாண்டுக்கு, அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியவை.

நடந்தது என்ன

பாலக்காடு அருகே கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் ஒரு மேலாளர், இரண்டு ஆபரேட்டர்கள், அங்கிருந்து ஓய்வு பெற்ற 62 வயது ஸ்டோர் கீப்பர் என நால்வர் சேர்ந்து 500 ரூபாய்க்கு ஒரு சீட்டு எடுக்கிறார்கள். மேலாளர் 200 ரூபாய், மற்ற மூவர் தலைக்கு 100. மூவரும் தங்கள் பங்கை மேலாளருக்கு யுபிஐயில் அனுப்பிவிட்டார்கள். அவர் சீட்டைப் படம் எடுத்து நால்வரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

டிசம்பர் 2024 குலுக்கலில் 5 கோடி ரூபாய் விழுந்தது. சீட்டின் பின்புறம் மேலாளர் மட்டும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் பான் எண்ணோடு லாட்டரித் துறையில் ஒப்படைத்தார். ஏஜென்டுக்கு உரிய 10 சதவீதம் போக 4.5 கோடி. அதில் 194பி பிரிவின்படி 30 சதவீத டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி), அதாவது 1.35 கோடி பிடித்துக்கொண்டு, 2025 ஜனவரியில் 3.15 கோடியை மேலாளரின் வங்கிக் கணக்கில் போட்டார்கள். அவர் மூவருக்கும் ஆளுக்கு 63 லட்சம் அனுப்பிவிட்டு, தன் பங்கான 1.26 கோடியை வைத்துக்கொண்டார்.

நால்வரும் வரி முடிந்தது என்று நினைத்தார்கள். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோது மூன்று சிக்கல்கள் சேர்ந்து எழுந்தன. ஒருவர் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் அறிக்கை 26ஏஎஸ்; மேலாளரின் 26ஏஎஸ்ஸில் 4.5 கோடி முழுவதும் நிற்கிறது. மற்ற மூவரின் 26ஏஎஸ்ஸில் ஒன்றும் இல்லை. பிடித்த 30 சதவீதம் போதவும் இல்லை.

பிரித்தால் வரி குறையுமா?

லாட்டரிப் பரிசுக்கு 115பிபி பிரிவின்படி ஒரே விகிதம்: 30 சதவீதம். ஒரு லட்சமானாலும் பத்துக் கோடியானாலும் அதுவே. அடிப்படை விலக்கு வரம்பு இதற்குக் கிடையாது. 80சி போன்ற கழிவுகள் கிடையாது. பழைய முறை, புதிய முறை என்ற வித்தியாசமும் இல்லை. 58(4) பிரிவின்படி செலவும் கழிக்க முடியாது. சீட்டு வாங்கிய 500 ரூபாயைக்கூடக் கழிக்க முடியாது என்றால், வருஷம் முழுக்க வாங்கி விழாமல் போன சீட்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்படியானால் நாலாகப் பிரித்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். வித்தியாசம் இருப்பது சர்சார்ஜில். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் 10 சதவீதம், ஒரு கோடியைத் தாண்டினால் 15, இரண்டு கோடியைத் தாண்டினால் 25. ஐந்து கோடிக்கு மேல் பழைய முறையில் 37. புதிய முறையில் 25-லேயே நின்றுவிடும். இவ்வளவுக்கும் மேலே 4 சதவீத செஸ்.

4.5 கோடியையும் ஒரே ஆள் மேல் ஏற்றினால் 30 சதவீத வரி 1.35 கோடி, அதன் மேல் 25 சதவீத சர்சார்ஜ் 33.75 லட்சம், செஸ் 6.75 லட்சம். மொத்தம் 1 கோடியே 75 லட்சத்து 50 ஆயிரம். பரிசில் சரியாக 39 சதவீதம்.

பங்குப்படி பிரித்தால் மேலாளருக்கு 1.8 கோடி. சர்சார்ஜ் 15 சதவீதம், வரி 64,58,400. மற்ற மூவருக்கும் ஆளுக்கு 90 லட்சம். சர்சார்ஜ் 10 சதவீதம். வரி ஆளுக்கு 30,88,800. நால்வருக்கும் சேர்த்து 1,57,24,800. பிரிவினை ஏற்கப்பட்டால் மிச்சம் 18,25,200 ரூபாய்.

துறைக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. அதனால்தான் பிரிவினைக்கு ஆதாரம் கேட்பார்கள்.

பங்கா, பரிசளிப்பா?

இதில் மையக் கேள்வி ஒன்றுதான்: குலுக்கல் நடந்த நொடியில் சீட்டு யாருடையது? நால்வருடையது என்றால் பரிசு பிறக்கும்போதே நாலு பங்காகப் பிறக்கிறது. அவரவர் பங்கு அவரவர் வருமானம். ஒருவருடையது என்றால் பரிசு முழுவதும் அவர் வருமானம். பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்தது அவர் தன் காசைச் செலவழித்த கணக்கு. வருமானம் கைக்கு வரும் முன்பே பிறர் உரிமையால் திசைமாறுவதும், வந்த பிறகு செலவாவதும் வேறு வேறு என்பதை சிதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த மாதிரி விவகாரங்களுக்கும் பொருந்துவது அந்த அளவுகோல்தான்.

இரண்டாவது வகையில் விழுந்தால் அடி ஒரு பக்கம் மட்டும் இல்லை. மேலாளருக்கு 4.5 கோடிக்கும் வரி. கூடவே 56(2)(எக்ஸ்) பிரிவின்படி, உறவினர் அல்லாதவரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாக வரும் பணம் வாங்கியவருக்கு வருமானம். வேறு வருமானமே இல்லாத ஸ்டோர் கீப்பரின் கையில் 63 லட்சம் இனாம் என்று வைத்தால், புதிய முறையில் ஸ்லாப் வரி 15,80,000. சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 18,07,520. ஏற்கெனவே வரி பிடித்த பணத்துக்கு இன்னொரு முறை வரி.

இந்த நால்வரையும் காப்பாற்றுவது முந்நூறு ரூபாய் யுபிஐ. மூன்று பரிமாற்றங்களும் குலுக்கலுக்கு முந்தைய தேதியில் வங்கியில் பதிவாகியிருக்கின்றன. வாட்ஸ்அப் படத்தில் சீட்டின் தொடரும் எண்ணும் தெரிகின்றன. யாரும் பின்னால் திருத்த முடியாத ஆதாரம் இது. ரொக்கமாகப் போட்டிருந்தால் நிலைமை வேறு.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்திருந்தால் இன்னும் நல்லது. அதற்கு வக்கீல் வேண்டியதில்லை. ஒரு தாளில் குலுக்கலின் பெயர், எண், தேதி. சீட்டின் தொடரும் எண்ணும். யார் எவ்வளவு போட்டார், யாருக்கு எத்தனை பங்கு. சீட்டு யார் கையில் இருக்கும். நால்வரின் கையெழுத்து, பான் எண். அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டால் தேதிக்கும் சாட்சி கிடைத்துவிடும். பரிசு விழுந்த பிறகு முத்திரைத்தாள் வாங்கிப் பழைய தேதி போடுவது படுமுட்டாள்தனம். தாள் விற்ற தேதி தாளிலேயே இருக்கும்; அது வெளிப்பட்டால் உண்மையான ஆதாரங்களும் சந்தேகத்துக்கு ஆளாகும். குலுக்கலுக்குப் பிறகு எழுதுவதானால் இன்றைய தேதியே போட்டு, ‘இன்ன தேதியில் வாய்மொழியாக ஒப்புக்கொண்டதை இப்போது எழுத்தில் பதிகிறோம்’ என்று உள்ளதைச் சொல்லி, யுபிஐ விவரத்தைச் சேர்க்கலாம்.

மனைவி பங்குக்கும் சேர்த்துக் கணவனே காசு போட்ட சீட்டுகளில் இன்னொரு கண்ணி உண்டு. 64-ஆம் பிரிவைக் காட்டி மனைவி பங்கைக் கணவன் வருமானத்தோடு சேர்க்கப் பார்ப்பார்கள். மனைவியின் பங்கு மனைவியின் கணக்கிலிருந்தே போகட்டும்.

ஏஓபி என்ற பயம்

நாலு பேர் சேர்ந்தால் அது ‘ஏஓபி’, அதாவது நபர்கள் சங்கம் ஆகிவிடாதா? வருமானம் ஈட்டும் பொது நோக்கத்தோடு சேர்வதே ஏஓபி என்று 1960-இல் இந்திரா பாலகிருஷ்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-இல் சேர்த்த விளக்கம் அந்த நோக்கமே தேவையில்லை என்று வலையை அகலமாக்கியது. ஒரு தடவை, ஒரு சீட்டு, நிர்ணயமான பங்கு, பரிசு வந்ததும் பிரித்தாயிற்று என்றால் தனித்தனி ஆட்களாகக் காட்டுவதே எங்கள் பார்வையில் சரி. மாதாமாதம் பொது நிதி சேர்த்து, விழுந்த சிறு பரிசுகளை மீண்டும் சீட்டில் போட்டு, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கும் வைத்திருந்தால் அந்த வாதம் பலவீனமாகும். ஏஓபி என்று முடிவானால் 4.5 கோடிக்கும் ஒரே இடத்தில் 39 சதவீதம். பிரித்ததன் பலன் போய்விடும்.

டிடிஎஸ்ஸை இடம் மாற்றுவது

வருமானம் நால்வருடையது, டிடிஎஸ் ஒருவர் பேரில். இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது: வருமான வரி விதிகளில் 37பிஏ(2). டிடிஎஸ் யார் பேரில் பிடிக்கப்பட்டதோ அவர், பிடித்த அலுவலகத்துக்கு ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். வரவு யாருக்குப் போக வேண்டுமோ அவர்கள் பெயர், முகவரி, பான், தொகை, காரணம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அலுவலகம் அதன்படி, தான் தாக்கல் செய்யும் 26க்யூ என்ற டிடிஎஸ் அறிக்கையில் நாலு பான் எண்களிலும் பிரித்துக் காட்டி, அவரவருக்குத் தனியாக 16ஏ சான்றிதழ் கொடுக்கும். சீட்டை ஒப்படைக்கும்போதே இதைக் கொடுத்துவிட்டால் பின்னால் வரும் தலைவலியில் பெரும்பகுதி இல்லை. கூட்டாக உரிமை கோரி, சீட்டின் பின்னால் ஒருவர் பெயரோடு விடாமல் நால்வர் விவரத்தையும் அலுவலகத்தின் பதிவில் ஏற்றுவது இன்னும் சுத்தம். கேரள லாட்டரியில் ஒப்படைக்க 30 நாள்தான் கெடு. அவசரத்தில் தவறவிடுவது இதைத்தான். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கேரளச் சீட்டைக் கேரளத்தில்தான் விற்கலாம். ஆகவே கேரளத்தில் இருந்ததற்கான சான்றையும் வெளிமாநிலத்தவர் கையோடு வைத்திருப்பது நல்லது.

நம் நால்வர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். மேலாளர் ஜூலையில் உறுதிமொழி கொடுத்தார். திருத்திய 26க்யூ வருவதற்குள் ரிட்டர்ன் போட வேண்டியதாயிற்று. அப்போது ரிட்டர்னிலேயே செய்ய வேண்டியது இது.

லாட்டரி வருமானம் இருந்தால் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 இரண்டும் ஆகாது. தொழில் வருமானம் இல்லாத நால்வருக்கும் ஐடிஆர்-2. இதர வருமான அட்டவணையில் 115பிபிக்கான கட்டத்தில் மேலாளர் 1.8 கோடி, மற்றவர்கள் 90 லட்சம். மொத்தத் தொகையைக் காட்ட வேண்டும். கைக்கு வந்த 63 லட்சத்தைக் காட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

டிடிஎஸ் அட்டவணையில் மேலாளர் 1.35 கோடி தன் பேரில் பிடிக்கப்பட்டதைக் காட்டி, அதில் 54 லட்சத்தை மட்டும் தன் கையில் உரிமை கோர வேண்டும். மீதியை 37பிஏ(2)-இன்படி பிறர் கையில் என்ற கட்டத்தில், மூவரின் பான் எண்ணோடு, ஆளுக்கு 90 லட்சம் வருமானம், 27 லட்சம் டிடிஎஸ் என்று பிரித்து எழுத வேண்டும். மூவரும் தங்கள் ரிட்டர்னில் ‘பிறர்’ என்பதைத் தேர்ந்து, மேலாளரின் பான், லாட்டரித் துறையின் டான் (வரி பிடிப்பவருக்கான எண்), அதே தொகைகளைப் போட வேண்டும். நாலு ரிட்டர்ன்களிலும் எண்கள் ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரே ஆடிட்டர் நாலையும் ஒரே நாளில் தாக்கல் செய்வது உத்தமம்.

மேலாளர் வருமானத்தை 1.8 கோடியாகக் குறைத்துவிட்டு டிடிஎஸ்ஸை மட்டும் 1.35 கோடியாகவே விட்டுவிட்டால், மென்பொருள் அவருக்கு 70 லட்சத்துக்கு மேல் ரீஃபண்ட் காட்டும். அந்தத் தொகையைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். மற்ற மூவருக்கும் டிடிஎஸ் வரவு மறுக்கப்பட்டு, 143(1) அறிவிப்பில் ஆளுக்கு 27 லட்சமும் வட்டியும் கேட்டு வரும். ரிட்டர்ன் போடும் முன் மேலாளர் தன் ஏஐஎஸ்ஸில் (துறை தொகுத்துக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கை) அந்த 4.5 கோடிப் பதிவின் மேல், தகவல் முழுமையாகச் சரியல்ல என்று கருத்துப் பதிவு செய்துவிடுவதும் அவசியம்.

இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும்?

உள்நாட்டவருக்கு 194பியில் பிடிப்பது வெறும் 30 சதவீதம். சர்சார்ஜும் செஸ்ஸும் அதில் இல்லை. 2022 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்தவருக்குக் கையில் 15.75 கோடி வந்தது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அன்றைய 37 சதவீத சர்சார்ஜில் அதற்கு மேலும் ஏறக்குறைய 2.87 கோடி கட்ட வேண்டியிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சம்பளக்காரர்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. ஆபரேட்டரின் சம்பளம் 6 லட்சம். 75,000 நிலையான கழிவு போக 5.25 லட்சம், ஸ்லாப்படி வரி 11,250. வழக்கமாகக் குறைந்த வருமானத்துக்கான 87ஏ தள்ளுபடியில் அது மறைந்துவிடும், கம்பெனியும் டிடிஎஸ் பிடித்திருக்காது. லாட்டரி சேர்ந்து மொத்த வருமானம் 95.25 லட்சம் ஆனதும் தள்ளுபடி போய்விட்டது. அந்த 11,250-இன் மீதும் சர்சார்ஜ் ஏறுகிறது.

ஆபரேட்டர் ஒவ்வொருவருக்கும்: மொத்த வரி 31,01,670, டிடிஎஸ் 27,00,000, பாக்கி 4,01,670.
மேலாளருக்கு (சம்பளம் 9 லட்சம், கம்பெனி பிடித்தது 33,800): மொத்த வரி 64,97,270, டிடிஎஸ் 54,33,800, பாக்கி 10,63,470.
ஸ்டோர் கீப்பருக்கு: மொத்த வரி 30,88,800, டிடிஎஸ் 27,00,000, பாக்கி 3,88,800.

டிடிஎஸ் போகப் பாக்கி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டும். லாட்டரி விஷயத்தில் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: பரிசு வருவதற்கு முந்தைய தவணைகளுக்கு, தவணை தவறியதற்கான 234சி வட்டி இல்லை, வந்த பிறகு மிச்சமுள்ள தவணைகளில், தவணை முடிந்திருந்தால் மார்ச் 31-க்குள், கட்டினால் போதும். ஜனவரியில் பணம் வந்த இவர்கள் மார்ச் 15-க்குள் கட்டியிருந்தால் பரிசுக்கான பாக்கிக்கு வட்டி ஒரு பைசா இல்லை. இந்தச் சலுகையை மென்பொருள் கொடுக்க வேண்டுமானால், இதர வருமான அட்டவணையின் கடைசியில் உள்ள காலாண்டுக் கட்டங்களில் தொகையை டிசம்பர் 16 முதல் மார்ச் 15 வரையிலான கட்டத்தில் போட வேண்டும். முதல் கட்டத்தில் போட்டுவிட்டால் ஜூன் தவணையிலிருந்தே வட்டி ஏறும்.

ஜூலையில் கட்டியதால், அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாததற்கான 234பியில் ஏப்ரல் முதல் நாலு மாதம், மாதம் 1 சதவீதம். 234சியில் மார்ச் தவணைக்கு 1 சதவீதம். ஆபரேட்டருக்குச் சுமார் 20,080, மேலாளருக்குச் சுமார் 53,170. ஸ்டோர் கீப்பருக்கு இந்த இரண்டு வட்டியும் இல்லை. 60 வயது முடிந்து, தொழில் வருமானம் இல்லாத உள்நாட்டவர் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டியதில்லை. 2025-இல் ரிட்டர்ன் கெடு செப்டம்பர் 15-க்கும் பிறகு 16-க்கும் நீண்டது. அதை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு 234பி வட்டி மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே இருந்தது.

சலானில் மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று தேர்வதையும், மார்ச் 31-க்குப் பிறகு கட்டுவது சுய மதிப்பீட்டு வரி, அதாவது 300 குறியீடு என்பதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேலாளரின் மொத்த வருமானம் ஒரு கோடியைத் தாண்டுவதால் சொத்து, கடன் அட்டவணையையும் அவர் நிரப்ப வேண்டும். மற்ற மூவருக்கும் அது வேண்டாம்.

பங்கை ரொக்கமாகக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. 269எஸ்டி பிரிவின்படி இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். வங்கிப் பரிமாற்றத்தில், குறிப்புப் பகுதியில் சீட்டு எண்ணோடு ‘லாட்டரி பங்கு’ என்று எழுதியே அனுப்புங்கள்.

2024-25 நிதியாண்டுக் கணக்குக்கு 1961 சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. தப்பிய வருமானம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்று துறை கருதினால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தேகால் ஆண்டு வரை மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வரலாம். நால்வரின் பங்கும் அந்த வரம்புக்கு மேல். ஆகவே யுபிஐ பதிவு இருக்கும் வங்கி அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடலின் பிரதி, சீட்டின் இரு பக்கப் படம், உறுதிமொழியின் ஒப்புகை, 16ஏ ஆகியவற்றை நால்வரும் தனித்தனியாக 2031 ஜூன் 30 வரை வைத்திருக்க வேண்டும். போனை மாற்றும்போது வாட்ஸ்அப் உரையாடல் அழிந்துபோவது சகஜம். அதை இப்போதே ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.